பின்னச்சைப் பூட்டு, முன்னச்சை விடு

ரிமோட் ட்ரக் ஓட்டுகிற வெளிநாட்டுக்காரருடைய வீடியோக்களை யூடியூப்பில் விடாமல் பார்க்கிற எவருக்கும் ஒரு புத்திமதி மனப்பாடமாகியிருக்கும். பெட்டியைத் திறந்த கையோடு டிபரன்சியலைக் கழற்று, உள்ளே பசையை நிரப்பி லொக் பண்ணு, முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டையும் பண்ணு, பிறகு பார் வண்டி எப்படி ஏறுது என்று. கிளிநொச்சியில் இந்த விளையாட்டில் இறங்கியிருக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அதிலும் சிலபேர் அந்தப் புத்திமதியை அப்படியே கேட்டுப் பசை போட்டுவிட்டு, இப்ப வளைவில் திரும்பமாட்டன் என்று அடம்பிடிக்கிற வண்டியைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கினம்.

சொன்னவர்களில் பிழை இல்லை. அவர்கள் ஓட்டுகிற நிலம் வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு ஊர் இருக்கு. ஜீப்பைப் பாறையில் ஏற்றிப் பார்க்கிற ஆசைக்காரர் எல்லாரும் ஒருநாள் அங்கே போக வேணும் என்று கனவு காண்பார்கள். அங்கே இருக்கிறது சொரசொரப்பான மணற்பாறை. ரயர் ஒட்டிக்கொண்டு பிடிக்கும், வழுக்காது. அப்படிப்பட்ட பாறையை மனதில் வைத்துத்தான் 'கிரோலர்' என்கிற மெல்ல ஏறும் ரிமோட் வண்டிகளே வந்தன. அக்சியல் கொம்பனியின் எஸ்.சி.எக்ஸ்.10 மாதிரியான வண்டிகள் ஆலையில் இருந்து வரும்போதே இரண்டு அச்சும் பூட்டின மாதிரித்தான் வரும்.

எங்களுக்கு அந்தப் பாறை எங்கே இருக்கு? மாரியில் வயல் களி. கோடையில் கிரவல் ரோட்டும் புழுதியும். முல்லைத்தீவுப் பக்கம் போனால் கடற்கரை மணல். கல்லு வேணுமென்றால் குளக்கட்டின் தண்ணிப் பக்கம் அடுக்கி வைத்திருக்கிற கருங்கல்லுக்குத்தான் போக வேணும். அதனால் நான் சொல்லுறது இதுதான்: வன்னியில் ஓட்டுகிற ரிமோட் ட்ரக்குக்குப் பின்னச்சைப் பூட்டினால் போதும். முன்னச்சைப் பூட்டுவது பத்துக்கு எட்டு இடத்தில் நட்டம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. உழவு மெசின் ஓட்டின எங்கள் ஊர் ஆட்களுக்கு என்றைக்கோ தெரிந்த விசயம் இது.

டிபரன்சியல் ஏன் வந்தது என்பதில் இருந்து தொடங்குவம். மாட்டு வண்டிலுக்கு அது தேவையில்லை. அச்சு அசையாமல் நிற்கும், ஒவ்வொரு சில்லும் அதில் தன்பாட்டில் சுத்தும். வளைவில் வெளிச் சில்லு கூடச் சுத்தும், உள்ச் சில்லு குறையச் சுத்தும், ஒருத்தரை ஒருத்தர் கேட்கத் தேவையில்லை. இழுக்கிறது மாடு, சில்லு இல்லை. பிரச்சினை தொடங்கினது எஞ்சின் வந்து சில்லையே சுத்த வைக்க வேண்டி வந்தபோதுதான். இரண்டு சில்லையும் ஒரே தண்டில் இறுக்கினால் வளைவில் ஒன்று இழுபடும். ஒன்றை மட்டும் சுத்தவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 1820களின் கடைசியில் ஒனேசிபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர், நீராவி வண்டி ஒன்றுக்காக, இரண்டு சில்லுக்கும் நடுவில் பற்சக்கரங்களை வைத்து அந்தச் சிக்கலை அவிழ்த்தார். இன்றைக்கும் பஜாஜ் ஓட்டோவில் இருந்து டிப்பர் வரைக்கும் உள்ளே இருக்கிறது அந்த ஏற்பாடுதான்.

இதில் ஒரு கணக்கு எனக்குப் பிடித்தது. ஒரு வண்டி முழு வட்டம் அடித்தால், வெளிச் சில்லு உள்ச் சில்லை விட எவ்வளவு தூரம் கூட ஓடும்? வட்டம் பெரிசா சின்னனா என்பதில் அது தங்கியிருக்காது. இரண்டு சில்லுக்கும் இடையிலான அகலத்தை இரண்டு பையால் (2π) பெருக்கினால் விடை வந்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவு ரிமோட் ட்ரக்குக்கு அந்த அகலம் 20 சென்ரிமீற்றர் அளவில் வரும், வித்தியாசம் 1.26 மீற்றர். உழவு மெசினுக்கு 1.4 மீற்றர் என்று வைத்தால் 8.8 மீற்றர். பள்ளிக்கூட மைதானத்தைப் பெரிசாகச் சுத்தி வந்தாலும் அதே 1.26 மீற்றர்தான், முற்றத்தில் ஒடித்து வட்டமடித்தாலும் அதேதான். ஆனால் முற்றத்தில் அந்த 1.26 மீற்றரையும் ஆறேழு மீற்றர் ஓட்டத்துக்குள் தீர்க்க வேணும். அச்சு பூட்டியிருந்தால் அவ்வளவு தூரத்தையும் ரயர் நிலத்தில் உரசித்தான் தீர்க்கும். புழுதியில் உரசினால் ஒன்றும் இல்லை, புழுதி விலகிக் கொடுக்கும். ஏ9 காப்பெற் ரோட்டில் உரசினால் ரயர் தேயும், இல்லாட்டி உள்ளே ஏதாவது முறியும், இரண்டும் இல்லாட்டி வண்டி திரும்பாமல் நேரே போய் மதகில் இடிக்கும்.

இவ்வளவு நல்ல டிபரன்சியலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. அது இரண்டு சில்லுக்கும் எப்போதும் சமனான விசையைத்தான் கொடுக்கும். சமன் என்றால் நல்லதுதானே என்று நினைக்கலாம். ஒரு சில்லு சேற்றில் பிடி இல்லாமல் சுத்தினால், அதைச் சுத்த வைக்கத் தேவையான விசை மிகக் குறைவு. அந்தக் குறைவான விசைதான் நல்ல நிலத்தில் நிற்கிற மற்றச் சில்லுக்கும் கிடைக்கும். அதனால்தான் ஒரு சில்லு சேற்றை வாரி இறைக்க, மற்றது காய்ந்த வரம்பில் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். எஞ்சினில் எத்தனை குதிரை வலு இருந்தாலும் அந்த நேரத்தில் உதவாது.

முரசுமோட்டையில் என் சித்தப்பாவிடம் மசி பேர்கசன் 240 ஒன்று இருக்கு. சிவப்பு, இப்ப பாதி சிவப்பு. அதன் வலப்பக்கம், பின்னச்சுக்குக் கிட்ட, குதிக்கால் படுகிற இடத்தில் ஒரு சின்ன மிதி இருக்கும். ட்ரக்டர் ஓட்டப் பழகுகிற பெடியள் பலர் அது என்னத்துக்கு என்றே கேட்காமல் வருசக்கணக்கில் ஓட்டுவார்கள். அதுதான் டிப் லொக். குதிக்காலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே ஒரு பல்லுத் துண்டு நகர்ந்து போய்ப் பூட்டும். இரண்டு பின் சில்லும் ஒரே நுகத்தில் பூட்டின மாடுகளாகும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும், ஒன்று போனால் மற்றதும் போகும்.

சித்தப்பா எனக்கு அதைக் காட்டித் தந்தபோது சொன்னதை அப்படியே எழுதுறன்.

"சில்லுச் சுத்திக்கொண்டிருக்கேக்க மிதிக்காத மோனை. பல்லு உடைஞ்சு போம். கிளச்சை மிதி, நிப்பாட்டு, பிறகு லொக்கை மிதி, பிறகு மெல்ல விடு. நேர எடு. திருப்பாத. வெளிய வந்த உடன காலை எடு."

"காலை எடுத்தும் விடாட்டி, சித்தப்பா?"

"விடாதுதான் சில நேரம். பாரம் பிடிச்சிருக்கும். கிளச்சை ஒருக்கா மிதிச்சு விடு, இல்லாட்டி பிரேக்கை இடம் வலம் மாத்தி மாத்தித் தட்டு. தானா விடும்."

அந்தப் பிரேக்கும் ஒரு கதை. உழவு மெசினுக்கு இடச் சில்லுக்கு ஒரு பிரேக், வலச் சில்லுக்கு ஒரு பிரேக். ரோட்டில் ஓடும்போது இரண்டு மிதியையும் கொளுவியால் சேர்த்துவிட வேணும். வயலில் கழற்றிவிடலாம். வயல் மூலையில் ஒடித்துத் திரும்ப அது உதவும். அதைவிட, ஒரு சில்லுச் சேற்றில் சும்மா சுத்தினால் அந்தச் சில்லின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்தலாம். சுத்துகிற சில்லைச் சுத்தக் கஷ்டமாக்கினால், சமனாகப் பிரிக்கிற டிபரன்சியல் மற்றச் சில்லுக்கும் அதே அளவு விசையைக் கொடுத்தே ஆக வேணும். லொக் இல்லாத பழைய மெசின்களை ஆட்கள் இப்படித்தான் வெளியே எடுப்பார்கள். இன்றைக்கு வருகிற விலை கூடின ஜீப்புகளில் கொம்பியூட்டர் செய்கிறதும் இந்த வேலையைத்தான்.

லொக் காப்பாற்றாத நேரமும் இருக்கு. அச்சுக்கூடே சேற்றில் குந்திவிட்டால் பிறகு லொக்கை மிதித்தால் இரண்டு சில்லும் சேர்ந்து தாழும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பின் சில்லு இரண்டுக்கும் குறுக்காக மரக்கட்டையைக் கட்டி ஏற்றப் பார்க்கிற ஆட்கள் இருக்கினம். கட்டை நிலத்தில் முட்டினதும் சில்லுச் சுத்த முடியாமல் போக, எஞ்சின் மெசினின் முன்பக்கத்தைத் தூக்கி ஓட்டுகிறவன் மேலேயே கவிழ்க்கும். தயவுசெய்து செய்யாதீங்கோ. இன்னொரு மெசினைக் கூப்பிட்டுக் கயிறு போடுங்கோ.

லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின் இன்னொரு விதம். அதில் டிபரன்சியல் இல்லை. கைபிடிக்குக் கீழே இடமும் வலமும் இரண்டு கிளச் இருக்கும். இடதை இழுத்தால் இடச் சில்லின் தொடர்பு அறும், வலம் மட்டும் தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். நேரே போகும்போது இரண்டும் பூட்டின மாதிரித்தான் ஓடும், அதனால்தான் சேற்றில் அது அவ்வளவு நிதானமாகப் போகும். ஆனால் குளக்கட்டில் இருந்து பெட்டியில் பாரத்தோடு இறங்கும்போது கணக்குத் தலைகீழ். இடதை இழுத்தால் இடச் சில்லு எஞ்சினின் பிடியில் இருந்து விடுபட்டு உருண்டு முந்தும், மற்றச் சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இறக்கத்தில் வாய்க்காலுக்குள் போகிறது இதனால்தான்.

அச்சைப் பூட்டியே ஓடுகிற இன்னொன்று எங்கள் ஊருக்குள்ளால் தினமும் போகுது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு யாழ்தேவி திரும்பி வந்தபோது நான் பார்க்கப் போனது மற்ற எல்லாரையும் போல ரயிலைப் பார்க்கத்தான். குனிந்து சில்லைப் பார்த்தது நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறன். ரயில் சில்லு இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கினவை, டிபரன்சியல் கிடையாது. சில்லின் விளிம்பு உட்பக்கம் பருத்தும் வெளிப்பக்கம் மெலிந்தும் சரிவாகக் கடைந்திருக்கும். வளைவில் முழு அச்சும் கொஞ்சம் வெளிப்பக்கம் நகர, வெளிச் சில்லு தன் பருத்த பாகத்தில் ஓடும், உள்ச் சில்லு மெலிந்த பாகத்தில் ஓடும். கணக்குத் தீர்ந்துவிடும். தண்டவாளம் இருக்கிறவர்களுக்குச் சரி.

இப்ப விளையாட்டுக்கு வருவம். முப்பது வயதுக்கு மேற்பட்ட வன்னிக்காரர் ஒருவர் ரிமோட் கார் ஓட்டுறார் என்றால் அதில் ஒரு கணக்குத் தீர்க்கிற எண்ணமும் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். போர் நடந்த 90களில் எங்களுக்குப் பெற்றோலும் தடை, பற்றறியும் தடை. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடின காலம். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், பின்னால் ஒரு வெள்ளைப் புகை. ரோச் லைற்றுக்கே பற்றறி இல்லாத ஊரில் ரிமோட் கார் எங்கே? 2002 இல் ஏ9 திறந்தபிறகுதான் அப்படி ஒரு சாமானைக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தன். வாங்கவில்லை, பார்த்தன்.

இப்ப எங்களிடம் இருக்கிறவற்றில் பெரும்பாலானவை சீனத்து டபிள்யூ.பி.எல் வண்டிகள். பதினாறில் ஒரு பங்கு அளவு, பிளாஸ்ரிக் பற்சக்கரம், சின்ன மோட்டர். பழைய ஹைலக்ஸ் மாதிரி உடம்போடு வருகிற சி24 எங்கள் ஊர் ரோட்டுக்குப் பொருத்தமான தோற்றம். இவற்றில் டிபரன்சியலே இல்லை, இரண்டு அச்சும் நேர்த்தண்டு. அதாவது பூட்டு என்று தெரியாமலே பூட்டின வண்டியை ஓட்டுறம். அவை திரும்புவதற்குப் பஸ் ஸ்ராண்ட் அளவு இடம் கேட்பதற்கு அதுதான் காரணம்.

என்னிடம் இருக்கிற மற்றது கனடாவில் இருக்கிற மச்சான், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. டிராக்சஸ் டி.ஆர்.எக்ஸ்-4. 2017 இல் முதன்முதல் வந்தபோது லான்ட்ரோவர் டிபெண்டர் உடம்போடு வந்த அதே ரகம். அதற்குப் பற்றறி தனியாக வாங்க வேணும். மச்சான் லிதியம் பற்றறியைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார், அதைச் சூட்கேஸில் போட்டு அனுப்ப விமானத்தில் விடமாட்டினம். இந்த வண்டியின் விசேசம், முன் டிபரன்சியலையும் பின் டிபரன்சியலையும் ஓடும்போதே ரிமோட்டில் இருந்து பூட்டவும் திறக்கவும் முடியும். சின்னச் சேர்வோ ஒன்று மெல்லிய கேபிளை இழுக்கும், கேபிள் அச்சுக்குள் இருக்கிற பூட்டை நகர்த்தும். சித்தப்பாவின் குதிக்கால் மிதியைச் சேர்வோவாக மாற்றினது போலத்தான்.

இப்படி ரிமோட் பூட்டு இல்லாத, ஆனால் உள்ளே டிபரன்சியல் இருக்கிற வண்டிகள்தான் பசைக்காரருக்கு அகப்படுகிறவை. அச்சின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்ன டப்பா. அதற்குள் இரண்டு பெரிய சரிவுப் பற்சக்கரம், அவற்றுக்கு நடுவில் இரண்டோ நாலோ சின்னது. எல்லாம் சிலிக்கன் ஒயிலில் ஊறிக் கிடக்கும். வயலில் ஓட்டின வண்டி என்றால் ஒயில் நிறம் மாறிச் சாம்பல் களியாகியிருக்கும். விரலில் எடுத்து உரசினால் மணல் நெறுநெறுக்கும். அந்த மணலோடு பசை போட்டால் பிடிக்காது. பெற்றோலில் கழுவித் துடைத்து, வெயிலில் காய வைத்த பிறகுதான் எதுவும்.

பூட்டுவதற்கு வழிகள் பல. சூட்டுப் பசைத் துப்பாக்கியால் நிரப்புவது சுலபம், பிடிக்காவிட்டால் பிடுங்கி எடுத்துவிடலாம். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே அரை மணித்தியாலம் ஓடினால் அது இளகத் தொடங்கும். அரல்டைட் போட்டால் இளகாது, பிறகு கழற்றவும் ஏலாது. மனம் மாறினால் புது டிபரன்சியல்தான். இன்னும் முறையாகச் செய்கிறவர்கள் டிபரன்சியலையே எடுத்துவிட்டு ஸ்பூல் என்கிற ஒற்றை உலோகத் துண்டைப் போடுவார்கள்.

எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. தடித்த ஒயில். சிலிக்கன் ஒயிலின் தடிப்பைச் சென்ரிஸ்ரோக் என்ற அளவில் போத்தலில் எழுதியிருக்கும். தண்ணீரின் அளவு 1. ரிமோட் கார்காரர் சாதாரணமாக 10,000, 30,000 என்று ஊற்றுவார்கள். 500,000 என்று ஒன்று வருகுது. போத்தலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பின் டிபரன்சியலில் ஊற்றினால் மெல்லத் திரும்பும்போது விட்டுக்கொடுக்கும், ஒரு சில்லுத் திடீரென்று சுத்தப் பார்த்தால் பிடித்துக்கொள்ளும். முழுப் பூட்டு இல்லை, முக்கால் பூட்டு. பசை போடுகிற தம்பிமாருக்கு நான் முதலில் சொல்லுறது, இதை ஒருக்கா ஊற்றிப் பார் என்று.

சரி, பின்னச்சை மட்டும் ஏன்? அறுவடை முடிந்த வயலில் போய்ப் பாருங்கோ, காரணம் கண்ணுக்கே தெரியும். தைமாதக் கடைசியில் களி காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருக்கும். வைக்கோல் அடிக்கட்டை, மெசின் சில்லுப் பதிந்த தடம், நடுவில் வரம்பு. வரம்பை நேராக ஏறினால் எந்த வண்டியும் ஏறும். சரிவாக, கோணத்தில் ஏறினால்தான் சோதனை. முன் வலச் சில்லு வரம்பில் ஏற, பின் வலச் சில்லு பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தூக்கும். திறந்த டிபரன்சியலோடு வண்டி அங்கேயே நிற்கும், தூக்கின சில்லு மட்டும் காற்றில் சுத்தும். பின்னச்சைப் பூட்டினால் அதே இடத்தில் ஒரு உதறலோடு ஏறிப் போகும். முன்னச்சையும் பூட்டினால்? அதுவும் ஏறும், ஆனால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும், பிடி இருக்கிறது பின் சில்லில். முன் சில்லின் வேலை அந்த நேரத்தில் வழி காட்டுவது. அதைப் பூட்டிவிட்டால் வழி காட்டுகிற வேலையும் கெடும்.

கிரவல் ரோட்டில் இன்னும் தெளிவு. பின்னச்சு மட்டும் பூட்டின வண்டி, வேகத்தைக் கூட்டினால் வாலை வீசித் திரும்பும். சில்லு உரசுகிறதைச் சரளை தாங்கிக்கொள்ளும். புழுதி ஒரு விசிறியாக எழும்பும். சொல்லப்போனால் இந்த விளையாட்டில் பாதிச் சந்தோசம் அதுதான். இரண்டும் பூட்டின வண்டி அதே வளைவில் மூக்கை நேரே நீட்டிக்கொண்டு பற்றைக்குள் போகும்.

டி.ஆர்.எக்ஸ்-4 மாதிரி வண்டிகளில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் டிபரன்சியல் கிடையாது, இரண்டும் ஒரே கியர்ப்பெட்டியில் இருந்து இறுக்கமாக வருகிறவை. அதனால் இரண்டு அச்சும் திறந்திருந்தாலும் வண்டி முழுக்கத் திறந்ததில்லை. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளை விடப் பெரிய வட்டத்தில் போக வேணும், அங்கேயே ஒரு இழுபறி இருக்கு. அதற்கு மேல் முன்னச்சையும் பூட்டினால் இழுபறிக்கு மேல் இழுபறி.

முறிகிற கணக்கையும் சொல்ல வேணும். திறந்த டிபரன்சியலில் அச்சுக்கு வருகிற விசையில் பாதிதான் எந்த ஒரு பக்கத் தண்டுக்கும் போகும். பூட்டின அச்சில் ஒரு சில்லு மட்டும் கல்லில் பிடித்து மற்றது அந்தரத்தில் தொங்கினால், முழு விசையும் ஒற்றைத் தண்டில் இறங்கும். பாதிக்குக் கணக்குப் பண்ணிச் செய்த தண்டு முழுசைத் தாங்க வேணும். பின்னச்சில் அது நேர்த்தண்டு, ஓரளவு தாங்கும். முன்னச்சில் சில்லு திரும்ப வேணும் என்பதால் தண்டின் நுனியில் ஒரு மூட்டு இருக்கும். ஸ்ரேரிங்கை முழுக்க ஒடித்திருக்கிற நேரம் அந்த மூட்டுத்தான் முதலில் போகும். டிராக்சஸ்காரர் அதற்காகச் சில்லுக்குக் கிட்டவே இன்னொரு பற்சக்கர ஜோடியை வைத்திருக்கினம், மெர்சிடிஸ் யூனிமொக் லொறியில் இருக்கிற ஏற்பாடு. விசையைக் கடைசியில் சில்லடியில் கூட்டுவதால் நடுத்தண்டுக்குப் பாரம் குறையும், அச்சின் வயிறும் நிலத்தில் இருந்து உயரும். டபிள்யூ.பி.எல்லில் அது இல்லை. கிளிநொச்சியில் அதற்கு உதிரிப்பாகமும் இல்லை. டராஸ் இணையக் கடையில் ஓடர் போட்டுவிட்டுக் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

முன்னச்சைப் பூட்டி நான் ஓட்டுகிற ஒரே இடம் குளக்கட்டுக் கல்லு. தண்ணி வற்றின ஆவணி, புரட்டாதியில் கட்டின் உட்பக்கம் அடுக்கின கருங்கல் முழுக்க வெளியே தெரியும். ஒவ்வொரு கல்லும் வண்டியின் சில்லளவு, சிலது வண்டியளவு. அங்கே வேகம் இல்லை, வளைவும் இல்லை. முன் சில்லு ஒன்று கல்லிடுக்கில் தொங்கும்போது மற்றது பிடித்து இழுத்தே ஆக வேணும். மோவாப்காரர் சொன்னது அங்கே நூற்றுக்கு நூறு சரி. ரிமோட்டில் இரண்டையும் பூட்டி, கட்டின் உச்சிக்கு வந்தவுடன் முன்னதைத் திறந்துவிடுவன். கட்டில் மீன் வாங்க வந்து நிற்கிற ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தாங்கள் ஒரு கல்லைக் காட்டி, "உதில ஏத்திப் பார்ப்பம்" என்பார்கள்.

கடற்கரை மணலைப் பற்றி எழுத அவ்வளவு இல்லை. பின்னச்சைப் பூட்டி, நிப்பாட்டாமல் ஓடினால் ஓடும். நிப்பாட்டினால் தாழும். வீட்டுக்கு வந்து உப்பைக் கழுவாவிட்டால் பெயாரிங் துருப்பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருக்கிற எந்தக் காணிப் பக்கமும் வண்டியை விடாதீங்கோ. முகமாலைப் பக்கம் இத்தனை வருசம் கழிந்தும் கண்ணிவெடி அகற்றுகிற வேலை நடந்துகொண்டிருக்கிறதை எல்லாரும் அறிவீர்கள். தொடர்பு அறுந்து பற்றைக்குள் போன வண்டியை எடுக்க ஒரு பெடியன் யோசிக்காமல் ஓடுவான். எங்கள் மண்ணில் மிகப் பெரிய ரிமோட் வண்டி ஒன்றும் ஓடினது, அந்த வேலைக்குத்தான்: போருக்குப் பிறகு படையினர் பாவித்த குரோசிய நாட்டு எம்.வி-4. ஐந்து தொன்னுக்கு மேல் எடை, முன்னால் சுத்துகிற உருளையில் சங்கிலிகள், நிலத்தை அடித்துக்கொண்டே போகும், ஓட்டுகிறவர் தூரத்தில் நிற்பார். அதற்குச் சில்லில்லை, இடமும் வலமும் செயின். இடச் செயினும் வலச் செயினும் வேறு வேறு வேகத்தில் ஓடி வண்டியைத் திருப்பும்.

அதை ஏன் சொன்னன் என்றால், போன மாதம் சித்தப்பா என் வண்டி வரம்பு ஏறுகிறதை நாற்காலியைப் போட்டு இருந்து பார்த்தார். லொக் விழுகிறதையும் விடுகிறதையும் கவனித்தார். பிறகு கேட்டார்: "உதுக்கு ரெண்டு பிரேக் இல்லையோ? ஒரு சில்லை மட்டும் பிடிக்க ஏலாதோ?"

ஏலாது என்றன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. பின்னச்சை வெட்டி, இடச் சில்லுக்கு ஒரு மோட்டர், வலச் சில்லுக்கு ஒரு மோட்டர் என்று வைத்தால்? லான்ட்மாஸ்டரும் எம்.வி-4ம் அந்த வழிதான். டிபரன்சியலே தேவையில்லை, ஸ்ரேரிங்கைத் திருப்பும்போது ரிமோட்டே உள்ச் சில்லைக் குறைத்து வெளிச் சில்லைக் கூட்டும். இடைஞ்சல் ஒன்று இருக்கு. ஒரு சில்லு அந்தரத்தில் தூக்கினால் அதன் மோட்டர் சும்மா சுத்தும், அந்த வலு மற்றச் சில்லுக்குப் போகாது. பூட்டின அச்சின் முழுப் பலனே, தூக்கின சில்லின் பங்கையும் பிடியுள்ள சில்லுக்குக் கொடுப்பதுதான். அதனால் ஒவ்வொரு மோட்டரும் தனியாகவே வண்டியை வரம்பில் ஏற்றுகிற வலுவில் இருக்க வேணும். இப்ப இருக்கிற சின்ன மோட்டர் போதாது. 550 ரக மோட்டர் இரண்டு போட்டால் பற்றறி எவ்வளவு நேரம் நிற்கும், அந்தப் பாரத்துக்குப் பின்பக்கம் தாழுமா என்றெல்லாம் பார்க்க வேணும். உடைந்த சி24 ஒன்றின் அடிச்சட்டம் கிடக்கு, அச்சு வெட்ட வாளும் கிடக்கு. காலபோக மழை தொடங்க முதல் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏறினதோ இல்லையோ, எழுதுறன்.